பழைய கல் கடலில்

"கல் புதிது. பழைய கல் கடலில். ஓட்டுச்சில்லும் கரியும் கண்டு இடம் உறுதி செய்யப்பட்டது."

மரக்காணம் உப்பளத்துப் புலப்படம் ஒன்றின் குறிப்புக் கட்டத்தில், ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை தேதியிட்டு, நீல மையில் உள்ள வரிகள் இவை. கையெழுத்து என்னுடையது. பழைய படங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் இன்றைய நில அளவையர்கள் சென்ற மாதம் இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கூடவே ஒரு கேள்வி: "சார், இது கோட்வேர்டா, ஜோக்கா?"

நடந்ததை நடந்தபடி எழுதியதுதான். அவர்கள் இப்போது செயற்கைக்கோளைக் கேட்டு நிலத்தில் புள்ளி வைக்கிறார்கள். எங்கள் காலத்தில் புள்ளி என்றால் கல். கல் போனால் புள்ளி போயிற்று, புள்ளி போனால் நிலம் போயிற்று. ஒரு கல் எப்படிக் கடலுக்குப் போனது, நிலம் எப்படிப் போகாமல் நின்றது என்பதை விரிவாக எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதுதான் இது.

இதில் வரும் தேசியத் தலைவரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் வாசகர்கள் இரண்டாம் பத்தியிலேயே கட்சி பிரிந்துவிடுவார்கள். ஆண்டைப் போட்டால் பெயர் தானாகத் தெரிந்துவிடும் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். தேதி போடாமல் கடைச் சீட்டுகூட எழுதாதவன் நான். மாதத்தோடும் கிழமையோடும் மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

உப்பளம் இங்கே பெரும்பாலும் அரசு நிலம். அதைத் தலைமுறையாகக் குத்தகைக்கு வைத்திருந்தவர்கள் சிலர். வெயிலில் நின்று உப்பு வாரியவர்கள் வேறு பலர். வாருகிறவர்களுக்கே அளத்தில் பங்கு வேண்டும் என்று ஓர் உத்தரவைக் கொண்டுவந்தவர் அந்தத் தலைவர். அதன்படி தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனியாக ஓர் அளம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்தின் பாத்தியிலும் முதல் பெயர் பெண்ணின் பெயராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்பை என்ற ஊரின் ஏரிக்கரையிலும் பொம்மையார்பாளையத்து மணலிலும் அளவுச் சங்கிலி இழுத்தேன், சங்கிலி மடித்தேன், கறுத்தேன். கணக்கு தப்பியபோதெல்லாம் திட்டு வாங்கினேன். மரக்காணத்துக்கு மாற்றலாகி நில அளவை ஆய்வாளர் சவரிமுத்துவின் கீழ் வந்த பிறகுதான் தொழில் என்று ஒன்று கைக்கு வந்தது.

சவரிமுத்து திண்டிவனத்துக்காரர். மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல். சேற்றிலும் வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுத்தான் நடப்பார். மாலையில் அதைக் கழுவி வெயில் மிச்சமிருக்கும் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் டீயைத் தொடுவார். ஓர் அளவைச் சொன்னால் உடனே எழுதிக்கொள்ள மாட்டார். "தெரிஞ்சு சொல்றியா, தோணி சொல்றியா?" என்று கேட்பார். நாம் ஒரு நொடி தயங்கினால் போதும், சங்கிலி மறுபடி விரியும். முதல் முறை கிழக்கிலிருந்து மேற்கே அளந்திருந்தால் இரண்டாம் முறை மேற்கிலிருந்து கிழக்கே. ஒரே திசையில் இரண்டு தரம் அளந்தால் ஒரே தப்பு இரண்டு தரம் வரும் என்பது அவர் வாதம்.

கல் நடுவதிலும் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழியின் அடியில் கரித்துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் உடைந்த நாட்டோட்டுச் சில்லுகளை நெருக்கமாக அடுக்கி, மிதித்து இறுக்கிய பிறகுதான் கல்லை நிறுத்துவார். கரி மக்காது, ஓடு கரையாது. துறையின் பழைய வழக்கம்தான், ஆனால் நான் வேலைக்கு வந்தபோதே பலர் அதைக் கைவிட்டிருந்தார்கள். அவர் விடவில்லை. "கல்லைப் பிடுங்க ஆளு இருக்குது. குழியைத் தொடைச்சு எடுக்கிற அளவுக்குப் பொறுமைசாலித் திருடன் இந்த ஜில்லாவுல இல்ல" என்பார்.

தலைவர் வந்தது ஒரு தை மாதத்து ஞாயிறு. சங்கத்து அளத்தின் முதல் எல்லைக்கல்லை அவர் கையால் நடுவதாக ஏற்பாடு. சாலையோரத்தில் ஷாமியானா போட்டு, வசதிக்காக அதன் பக்கத்திலேயே ஒரு குழியும் தோண்டிவைத்திருந்தார்கள். சவரிமுத்து ஏற்பாட்டு அதிகாரியிடம் போய் மெதுவாகச் சொன்னார்.

"சார், எல்லை அதோ அங்க இருக்குது. குழி இங்க இருக்குது."

"ஒரு போட்டோவுக்குத்தானே மிஸ்டர் சவரிமுத்து? அவர் போனதும் பிடுங்கி அங்க நட்டுக்கங்க."

"எல்லைக்கல்லை எடம் மாத்தி நட்டா குத்தம் சார். யாரு நட்டாலும்."

அதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்துத் தலைவர் பக்கத்தில் நின்றவரிடம் விஷயத்தைக் கேட்டார். தலைவரின் மொழியில் அவர் எடுத்துச் சொன்னார். தலைவர் செருப்பைக் கழற்றினார், வரப்பில் இறங்கி நடந்தார், வரப்பு முடிந்ததும் சேற்றில் நடந்தார். பின்னால் பெரிய பெரிய ஷூக்கள் எல்லாம் கழன்றன. ஷூவோடு நடந்தது சவரிமுத்து ஒருவர்தான். எல்லையில் அவர் முதல் நாளே குழி தோண்டி, கரியும் ஓடும் பரப்பித் தயாராக வைத்திருந்தார். உச்சியில் கூட்டல் குறி வெட்டிய அந்தக் கருங்கல்லைத் தலைவர் பிடித்து நிறுத்தி, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்தார். வரப்பெங்கும் நின்ற பெண்கள் அன்று கை தட்டவில்லை. திகைத்துப் போயிருந்தார்கள்.

சங்கத்துக்குக் கிடைத்த முதல் குத்தகை முடியும் தறுவாயில், ஒரு மாசி மாதத் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார். மரக்காணம் டீக்கடைகளில் துக்கம் ஒருபக்கம், கணக்கு ஒருபக்கம். "ஆளு போயிட்டாரு, ஆர்டரும் போயிடும்" என்று பேசிக்கொண்டார்கள். அதற்கேற்றாற்போல், சங்கத்து அளத்துக்கு மேற்கே இருந்த குத்தகைதாரர் ஒரு மனு போட்டார். உண்மையான எல்லை கல் இருந்த இடம் அல்ல, அதற்குக் கிழக்கே உள்ள வரப்புதான் என்பது அவர் கட்சி. வரப்புக்கும் கல்லுக்கும் நடுவில்தான் சங்கத்தின் உவர்நீர்க் கிணறு இருந்தது. அந்தக் கிணற்றிலிருந்து நீர் இறைத்தால்தான் மற்றப் பாத்திகளில் உப்பு விளையும். மனு ஜெயித்தால் சங்கத்துக்கு மிஞ்சுவது வெறும் காய்ந்த சேறு. குத்தகையைப் புதுப்பிக்கும் முன் இரு தரப்பையும் வைத்து எல்லையை அளந்து சொல்லும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது.

அந்த வியாழக்கிழமை காலை சவரிமுத்துவும் நானும் போனோம். சங்கத்தின் சார்பில் அதன் செயலாளர் பச்சையம்மாளும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். எதிர்த்தரப்புக்கு அவர்களுடைய மேஸ்திரி தணிகாசலம். சின்ன வயதிலிருந்து உப்பிலேயே கிடக்கும் மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு.

கல் இருக்க வேண்டிய இடத்தில் கல் இல்லை. சமமாக மிதித்துப் பண்படுத்திய சேறு பளபளத்துக் கிடந்தது.

"ஏம்மா, கல்லு எங்க?" என்றார் சவரிமுத்து.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சையம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"கருமாதி பண்ணோம் சார்."

"யாருக்கு?"

"தலைவருக்குத்தான். பதினாறாம் நாளு. கல்லு நிறுத்திப் பண்ணணும் இல்லியா சார்? வேற கல்லு எதுக்கு, அவரு கையால நட்டதே இருக்குதேன்னு சொல்லி..."

இங்கே பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் கருமாதியில் ஒரு கல்லை நிறுத்தி, அந்தக் கல்லையே அவராக நினைத்து எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, பால் ஊற்றுவார்கள். முடிந்ததும் கல்லை நீரில் விட்டுவிடுவார்கள். சவரிமுத்து கிறிஸ்தவர் என்றாலும் இதெல்லாம் தெரியாதவர் அல்ல. தெரிந்ததால்தான் அடுத்த கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பண்ணி முடிச்சிட்டு?"

"தண்ணியில விடணும் இல்ல சார்."

"எந்தத் தண்ணியில?"

பச்சையம்மாள் கிழக்கே கை காட்டினார். சாலைக்கு அப்பால் கடல். "அனுமந்தை போட்டுக்காரங்கதான் அலையைத் தாண்டிக் கொண்டுபோயி விட்டாங்க. டீசலுக்குக்கூட ஒண்ணும் வாங்கல சார். நல்ல புள்ளைங்க."

தணிகாசலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா சார், சங்கிலியைத் தூக்கினு கடலுக்குப் போலாமா? இவங்க அளம் இப்ப அங்கதான் இருக்குது. ஏன் ஆயா, மீனுங்ககிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"யாருடா ஒனக்கு ஆயா?" என்றார் பச்சையம்மாள். "எங்க கல்லாவது நாங்க தூக்கினு போனாத்தான் போவும். உங்க மொதலாளி வரப்புக்குத் தானா காலு மொளைக்குது."

நான் சிரிக்கும் நிலையில் இல்லை. எல்லைக்கல்லைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம். நிலமும் போய், இந்தப் பெண்கள்மீது வழக்கும் வருமோ என்று பயந்தேன். அதே சமயம், அவர்களை முட்டாள்கள் என்றும் நினைக்க முடியவில்லை. இறந்தவனுக்குக் கல் நட்டு அதில் அவன் இருப்பதாக நம்பியது நம் பழம்பாடல்களின் காலத்து வழக்கம். எல்லைக்கும் கல், வீரனுக்கும் கல். கோவில் கல்வெட்டுகளைப் படித்துத் திரிந்த எனக்கே சில இடங்களில் எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததில்லை.

சவரிமுத்து யாரையும் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"கல்லை எப்படி எடுத்தீங்க? சுத்திலும் தோண்டியா?"

"ஆட்டி ஆட்டித்தான் சார். கடப்பாரை போடலாம்னு ஒருத்தி சொன்னா. அவரு மேல போயி கடப்பாரை போடுவாங்களான்னு நான்தான் திட்டினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்படிச் செய்தால் அவருக்கு ஏதோ நல்லது தட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"சரி, எடத்தைக் காட்டுங்க."

மூன்று பெண்கள் மூன்று இடத்தைக் காட்டினார்கள். "இங்கதாண்டி" என்றாள் ஒருத்தி. "போடி, நான் பால்சொம்போட இங்க நின்னேன், வெயிலு என் மூஞ்சில அடிச்சுது" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பிறகு எல்லாருமாகச் சேர்ந்து பாத்தியை மிதித்துச் சமமாக்கியிருந்ததால் அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை.

நான் கால்வாய்க் கரைக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினேன். சவரிமுத்து தடுத்தார். தூர் வாரியபோது அந்தக் கல் சாய்ந்திருந்தது. "சாஞ்ச கல்லு சொன்னா நம்பாதே" என்றார். சாலையோரத்தில் ஒரு கல்லும் அதே நேர்கோட்டில் சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்றும் நேராக நின்றன. இரண்டையும் பார்வையில் சேர்த்து மேற்கே கோடு நீட்டினோம். சேற்றில் சங்கிலி தொய்யும் என்பதால் வழியெல்லாம் பெண்களை நிறுத்தி, இடுப்புயரத்தில் சங்கிலியைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். போகும்போது ஓர் அளவு, திரும்பும்போது ஓர் அளவு. இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி. இந்த முறை பொருந்தியது.

"இங்கதான் சார்" என்றேன்.

"தெரிஞ்சு சொல்றியா?"

"சேத்துல வேணும்னா ரெண்டு சாண் அப்படி இப்படி இருக்கும் சார்."

"அப்ப தோண்டிப் பாத்துச் சொல்லு."

பழைய அளவை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு எழுத அவர் சம்மதிக்கவில்லை. அந்த அளவும் அவர் எடுத்ததுதான், எதிர்த்தரப்பு அதைத்தான் தப்பு என்கிறது. தன் கணக்கைத் தானே சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்றார். ஆகவே மண்ணே சொல்ல வேண்டும்.

பெண்கள் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தோண்டினார்கள். முதல் குழியில் ஒன்றும் இல்லை. தள்ளி ஒரு குழி, அதிலும் ஒன்றும் இல்லை. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. தணிகாசலம் கொண்டுவந்திருந்த வாக்குமூலத் தாளில் 'எல்லைக்கல் இல்லை' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. "கையெழுத்து போட்டுட்டு சாப்பிடப் போலாமா சார்?" என்றார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

பச்சையம்மாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கை முழங்கை வரை கறுப்புச் சேறு.

"ரெண்டாந்தடவை நாங்களே அவரைச் சாவடிச்சிட்டோமா சார்?"

 சவரிமுத்து முதல் குழியின் ஓரத்தில் குந்தி உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்தனை மழைக்குக் கல்லு பாரத்துல கீழ எறங்கியிருக்கும்" என்றார். "கீழதான் போவும், பக்கத்துல போவாது. இதுலயே இன்னும் கீழ போங்க."

இன்னும் ஒரு முழம் போனார்கள். சேற்றின் நிறம் மாறியது. உள்ளே கைவிட்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "சார், ஏதோ உறுத்துது."

"கையை எடும்மா. யாரும் தொடாதீங்க." சவரிமுத்துவின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "தணிகாசலம், நீ எறங்கு."

"நானா?"

"நீதான். இவங்க எடுத்தா, நேத்து வெச்சாங்கம்ப."

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். துழாவினார். அவர் கையோடு வந்தது தனிச் சில்லு அல்ல. நாலைந்து ஓட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே பலகையாய் இறுகியிருந்தன. இடுக்கெல்லாம் உப்பு பாறைபோல் பிடித்திருந்தது. அடியில் கரித்துண்டுகள் பதிந்து, கறுப்புப் பொட்டுகளாய்த் தெரிந்தன.

"எப்ப வெச்சதுன்னு நீயே சொல்லு. உப்பு ஒனக்குத் தெரியும்."

தணிகாசலம் இடுக்கை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பினார். இன்னொரு இடத்தில் சுரண்டி இன்னொரு முறை பார்த்தார். வரப்பில் நின்ற அத்தனை பேரும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் நினைத்திருந்தால் 'தெரியல' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது போதுமாயிருந்திருக்கும்.

"கசப்பு ஏறிக் கெடக்குது சார். இது நேத்து வெச்சதும் இல்ல, போன வருசம் வெச்சதும் இல்ல. இந்த மாதிரி இறுகணும்னா எத்தினியோ மழை உள்ள எறங்கியிருக்கணும்."

"எழுதித் தருவியா?"

"எழுதுங்க, கையெழுத்து போடுறேன்."

"உன் மொதலாளி கேட்டா?"

"நாக்குல வெச்சுப் பாருங்கன்னு சொல்றேன். வேற இன்னா சொல்றது?"

பெண்கள் குலவையிடவில்லை, ஆடவில்லை. ஒருத்தி "அப்பாடா" என்று சேற்றிலேயே உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு வரப்பு நெடுகப் பரவியது. பச்சையம்மாள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய் முதலில் தணிகாசலத்தின் கையில்தான் ஊற்றினார். "கழுவிக்கோடா, ஆயா ஊத்துறேன்" என்றார்.

அன்று மாலையே அதே படுகையின்மேல் புதுக்கல் நட்டோம். நட்டு முடித்துச் சவரிமுத்து பெண்களைப் பார்த்துத் திரும்பினார். "இந்தக் கல்லை யாரும் தொடக் கூடாது. நாளைக்கு எனக்கே கருமாதி பண்றதுன்னாலும் வேற கல்லு பாத்துக்கங்க."

அலுவலகத்தில் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது எனக்குப் பழைய பயம் வந்தது. 'பழைய கல் அகற்றப்பட்டுள்ளது' என்று எழுதிக் காட்டினேன்.

"அகற்றினது யாருன்னு அடுத்த கேள்வி வரும்" என்றார்.

"காணவில்லைன்னு போடட்டுமா சார்?"

"காணலைன்னா பொய்யில்ல? எங்க இருக்குதுன்னுதான் நமக்குத் தெரியுமே. அதை எழுது."

அப்படி எழுதியதுதான் இன்றைய இளைஞர்கள் ஜோக் என்று நினைத்த வரி. மேலதிகாரி படித்துவிட்டு ஒருமுறை எங்களை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒப்பமிட்டார்.

சவரிமுத்துவுக்கு அந்தத் தலைவரைப் பிடிக்காது என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்று டீ குடிக்கும்போது அதைப் பற்றிக் கேட்டேன். "அவருக்கு நான் ஓட்டே போட்டதில்லப்பா" என்றார். "ஆனா அந்த ஞாயித்துக்கிழமை, குழி இருந்த எடத்துக்கு என்னைக் கூப்பிடாம, நான் சொன்ன எடத்துக்கு அவரு வந்தாரு." அதற்குமேல் அவரிடமிருந்து அரசியல் வராது.

ஆனி மாதத்தில் புதுப்பித்த குத்தகை வந்தது. தலைவர் இல்லாத நாட்டில், அவரோடு ஒத்துப்போகாதவர்கள் ஆட்சியில் இருந்தபோது வந்தது. பச்சையம்மாள் நகலை எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம்தான் வந்தார். மேற்கு எல்லை என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன். கிணறு உள்ளேதான் இருந்தது.

"அப்ப அவரு இனிமே நிம்மதியா சாவலாம் சார்" என்றார்.

அந்த அளம் இன்றும் சங்கத்திடம்தான் இருக்கிறது. பெயர்கள் தாயிடமிருந்து மகளுக்கும் மருமகளுக்கும் மாறியிருக்கின்றன. குத்தகை அதன் பிறகும் பலமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும் புது உத்தரவு என்பதால், முதல் உத்தரவைப் பற்றி நான் இனி எழுதப்போவதால் யாருக்கும் பாதகம் இல்லை என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, வரலாற்றுக்காகத் தலைவரின் முதல் உத்தரவு கையெழுத்தான தேதியைக் குறித்துக்கொள்ள விரும்பினேன். எங்கள் அலுவலகத்தில் இருந்ததும் சங்கத்திடம் இருந்ததும் சான்றளித்த நகல்கள். இரண்டிலும் அவர் பெயர் தட்டச்சில் இருக்கிறது, கையெழுத்து இல்லை. மூலத்தைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீட்டுக்கும் அதே பதில்தான். அந்தக் காலத்தில் தலைவரின் அலுவலகத்தில் பணிசெய்த இருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒருவர், கையெழுத்தானதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். மற்றவர், கோப்பு தலைவரின் மேசைக்குப் போனது உண்மை, ஆனால் கையெழுத்தாகித் திரும்பியதாக நினைவில்லை என்றார். தலைவர் அந்த உத்தரவில் கடைசியில் கையெழுத்துப் போட்டாரா என்பதை என்னால் இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.